ரேடார் டிடெக்டர் வாங்கலாமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு



என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் வேலை. தினமும் காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகக் காரில் போய் வருகிறார். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பியிடம் சொல்லி ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கி வரச் சொல்லலாமா, எந்த மாதிரி வாங்குவது, அது வீணாகக் கத்திக்கொண்டே இருக்காமல் எப்படி செட்டிங் வைப்பது என்று கேட்கிறார். சொந்தத்தில் ஒரு பையனும் இதையே கேட்டான். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சாலைக்கு அந்தக் கருவி வேண்டாம். நீதிபோதனை வகுப்பு எடுக்க வரவில்லை. கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே வேண்டாம் என்பது புரிந்துவிடும். அதே சமயம் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களும், அனுமதி உள்ள நாடுகளில் ஓட்டுகிறவர்களும் அதை எப்படிச் சரியாக அமைப்பது என்பதையும் சொல்கிறேன்.

டாப்ளர் விளைவு நினைவிருக்கிறதா? ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்சமாகக் கேட்கும், கடந்து போனதும் சட்டென்று தணியும். 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னது. போலீஸ் ரேடார் துப்பாக்கியும் அதே பாடம்தான். ஒலிக்குப் பதில் ரேடியோ அலை, அவ்வளவுதான். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கே பட்டையில், விநாடிக்கு ஏறக்குறைய 2,415 கோடி அலைகள் புறப்பட்டு நம் காரில் மோதித் திரும்புகின்றன. கார் 60 கி.மீ. வேகத்தில் எதிரே வந்தால், திரும்பி வரும் அலையின் எண்ணிக்கை விநாடிக்குச் சுமார் 2,680 கூடுகிறது. அந்தச் சிறு வித்தியாசத்தை அளந்துதான் வேகத்தைச் சொல்கிறார்கள்.

டிடெக்டர் என்பது அந்த அலையை மோப்பம் பிடிக்கும் ரேடியோ. போலீஸ் கருவிக்கு அலை போய்த் திரும்ப வேண்டும். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணம் போதும். அதனால் போலீஸ் நம்மை அளப்பதற்கு வெகு முன்பே இது அறிந்துவிடும். 1974-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு வைத்தார்கள். நீண்ட நேரான சாலை, ஓரத்தில் ரேடாரைப் போட்டுவிட்டு நிற்கும் போலீஸ் கார். அந்தச் சூழலில் பரவி வளர்ந்த கருவி இது. அந்த மண்ணில் அதற்கு ஒரு வேலை இருந்தது.

இப்போது வீண் கூச்சலுக்கு வருவோம். போலீஸ் ரேடார் பேசும் அதே கே பட்டையில்தான் கடைகளின் தானியங்கிக் கதவும் பேசுகிறது. நாம் கிட்டப் போனதும் தானே திறக்கிறதே, அதன் தலைக்கு மேல் இருப்பது ஒரு குட்டி ரேடார். பக்கத்துக் கார்கள் சிலவற்றில் கண்மறைவுப் பகுதியில் வண்டி வந்தால் எச்சரிக்கும் உணரி இருக்கிறது. அதிலும் பழைய வகைகள் இதே பட்டைதான். போக்குவரத்தைக் கணக்கெடுக்கும் உணரிகளும் உண்டு. மவுண்ட் - பூந்தமல்லி சாலையை நினைத்துப் பாருங்கள். ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, ஷோரூம். வரிசையாகக் கதவுகள், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்கள். டிடெக்டர் எதைக் கண்டும் கத்தும். வந்த அலையிடம் அது பெயர் கேட்க முடியாது.

ஆகவே வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது "எத்தனை கிலோமீட்டர் தொலைவிலிருந்து பிடிக்கும்" என்ற விளம்பரத்தை அல்ல. தொலைதூரம் கேட்கும் காதுக்குக் கதவுகளும் அதிகமாகக் கேட்கும். கே பட்டை வடிகட்டி இருக்கிறதா, ஜிபிஎஸ் இருக்கிறதா, மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா, இந்த மூன்றையும் பாருங்கள். ஜிபிஎஸ் இருந்தால்தான் கருவிக்கு இடமும் வேகமும் தெரியும்.

அமைப்பு முறை இது. முதலாவதாக, எக்ஸ் பட்டையை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் போலீசார் அதைக் கைவிட்டுப் பல காலமாகிறது. அங்கே மிச்சம் இருப்பவை பெரும்பாலும் பழைய கதவுகள். இரண்டாவதாக, கே பட்டை வடிகட்டியையும், போக்குவரத்து உணரிகளை ஒதுக்கும் வசதியையும் இயக்குங்கள். மூன்றாவதாக, ஊருக்குள் நகர முறை, வெளியே நெடுஞ்சாலை முறை. நான்காவதாக, குறைந்த வேகத்தில் ஒலி எழுப்பாதபடி வையுங்கள். நெரிசலில் 30-ல் போகும்போது அது கத்தி என்ன பயன்? ஐந்தாவதாக, ஜிபிஎஸ் விலக்கு. ஒரே இடத்தில் ஒரே அலையைச் சில முறை சந்தித்தால் "இது கதவுதான்" என்று கருவி மனத்தில் குறித்துக்கொண்டு பிறகு சும்மா இருக்கும். ஆறாவதாக, கண்ணாடியின் மேல்பக்கம், முன்னும் பின்னும் தடையில்லாத இடத்தில், ஓட்டுகிறவரின் பார்வையை மறைக்காமல் பொருத்துங்கள். உலோகப் பூச்சுள்ள வெப்பத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பாதி அலை உள்ளேயே வராது.

இவ்வளவும் செய்தால் கூச்சல் நிச்சயம் குறையும். அப்புறம் என்ன, வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நிழலைக் கண்டாலும் குரைக்கும் நாயின் வாயைக் கட்டினால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். திருடன் வந்தாலும் அது குரைக்காது. வடிகட்டி செய்வதும் அதுதான். கதவும் துப்பாக்கியும் ஒரே பட்டையில் இருப்பதால், கதவைக் கேட்காதபடி காதை மந்தமாக்கினால் துப்பாக்கியும் தாமதமாகவே கேட்கும். வீண் கூச்சலைக் குறைத்த அளவுக்கு நிஜ எச்சரிக்கையிலும் கொஞ்சம் போகும். இந்த இழப்பைத் தவிர்க்கும் டிடெக்டர் எந்த விலையிலும் இல்லை. வடிகட்டாமல் விட்டாலோ புலி வருது கதைதான். பத்து நாளில் அதன் சத்தம் நம் காதில் ஏறாது.

இது ரேடாரை எதிர்கொள்ளும்போது. நம் சாலைகளிலோ வேகத்தை அளக்க லேசர் துப்பாக்கியும் கேமராவும் இருக்கின்றன. லேசர் துப்பாக்கி அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ரேடார் அலை போல அது ஊர் முழுவதும் சிதறாது. 300 மீட்டர் தொலைவில் அந்தக் கற்றையின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பத்துக் காருக்கு நடுவே ஒரு காரின் நம்பர் பிளேட்டைக் குறி பார்க்கலாம். ஒரு விநாடிக்குள் அளந்து முடித்துவிடும். டிடெக்டரில் லேசர் உணரியும் இருக்கும், கத்தவும் செய்யும். அது கத்தும்போது நம் வேகம் அங்கே பதிவாகிவிட்டிருக்கும். பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு விடை சொல்லிக்கொடுக்கும் நண்பன் மாதிரி.

அடுத்தது சராசரி வேகம் பார்க்கும் கேமராக்கள். மும்பை - புனே விரைவுச் சாலையில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஒரு கேமரா நம்மை ஒரு மணிக்குப் பார்க்கிறது, சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேமரா பார்க்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஆறாம் வகுப்புக் கணக்கு. அதில் நம்மை நோக்கி அலையே அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பாத அலையை எந்த டிடெக்டர் பிடிக்கும்?

ஆகவே நம் ஊரில் இந்தக் கருவியின் நிலைமை இப்படி ஆகிறது. ஆபத்தே இல்லாத இடத்தில் கத்துகிறது, பிடிபடும் இடத்தில் பேசாமல் இருக்கிறது. அது பேசாமல் இருப்பதை நம்பி நாம் அழுத்துகிறோம். எனக்கு அபராதத்தை விட இந்த நம்பிக்கைதான் கவலை.

அபராதக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவின்படி காருக்கு அதிவேக அபராதம் ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை. மறுபடி பிடிபட்டால் லைசென்சுக்கே ஆபத்து. நல்ல டிடெக்டர் ஒன்று சில நூறு டாலர். அந்தப் பணம் எத்தனை அபராதத்துக்குச் சமம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மிச்சமாகும் நேரத்தையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் 20 கி.மீ. தூரத்தை 80-ல் போனால் 15 நிமிடம், 100-ல் போனால் 12 நிமிடம். மிச்சம் 3 நிமிடம். அதை டோல்கேட் வரிசை வாங்கிக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் வைத்திருக்கலாம். வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் கூடாது. டொரன்டோவில் இருப்பவர்கள் கவனம். ஒன்டாரியோவில் அணைத்து வைத்திருந்தாலும் காரில் இருப்பதே குற்றம். எல்லை தாண்டி வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிரான்சில் தடை. சுவிட்சர்லாந்தில் ரேடார் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் எச்சரிக்கைக்குக்கூடத் தடை. ஜெர்மனியில் ஓட்டும்போது போனில் அந்தச் செயலியை இயக்கினாலும் குற்றம். உறவினர் காரை இரவல் வாங்கி ஓட்டும்போது கண்ணாடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி சார், டிடெக்டர் வேண்டாம், வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீண் கூச்சல் போடாத எச்சரிக்கை ஒன்று உங்கள் காரிலேயே இருக்கிறது. நம் வேகத்தை மட்டும் பார்த்துச் சொல்வது. 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். பலருக்கு அது எரிச்சல். மெக்கானிக்கிடம் சொல்லி அதன் வயரைப் பிடுங்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஒருபக்கம் அதைப் பிடுங்கிவிட்டு இன்னொரு பக்கம் டாலர் கொடுத்து இன்னொரு பீப் வாங்குவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

சில கார்களில் நாமே ஒரு வேகத்தை வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் 50 என்று வையுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் கூகுள் மேப்ஸ் செட்டிங்கில் வேகமானியையும் வேக வரம்பையும் இயக்கினால் போதும். வேகமானி முள் எப்போதும் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும். குறைத்துக் காட்டக் கூடாது என்பது தயாரிப்பு விதி. போனும் முள்ளும் சில கிலோமீட்டர் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். வரைபடத்தில் காட்டும் வரம்பும் சாலைப் பலகையும் வேறுபட்டால் பலகை சொல்வதுதான் செல்லும்.

இனி உங்கள் பக்க நியாயம். "போர்டே இல்லாத இடத்தில் மறைந்து நின்று பிடிக்கிறார்களே, அதனால்தானே சார் இந்தக் கருவி" என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தார். அந்தக் கோபம் நியாயமானது. 2023 ஜூனில் சென்னையில் வேகம் அளக்கும் ரேடார் வைத்து, பகலில் 40, இரவில் 50 என்ற பேச்சு வந்ததும் ஊரே கொதித்தது. பிறகு நவம்பரில் மாநகரக் காவல் எல்லைக்குள் காருக்கு 60, கனரக வாகனத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லோருக்கும் 30 என்று அறிவித்தார்கள். நம் காட்டுப்பாக்கமோ ஆவடி காவல் ஆணையரக எல்லை. ஒரே சாலையில் காவல் எல்லை மாறுவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எந்த இடத்தில் எவ்வளவு என்று பலகை சொன்னால்தான் தெரியும்.

அதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். கேமராவோ வேகத் துப்பாக்கியோ வைத்துக் கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே, கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்கிறது அது. கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறார்களே, அதே எடையளவுச் சட்டத்தின் கீழ் வேகம் அளக்கும் ரேடார் கருவிகளும் சோதித்து முத்திரை பெற வேண்டும்.

போலீஸ் கருவியும் தவறலாம் என்பதை ஒப்புக்கொண்டதால்தானே இந்த விதி வந்தது? அதுவும் ஒரு வீண் எச்சரிக்கைதான். நாம் போகாத வேகத்துக்கு அபராதம் வந்தால், கருவியின் அளவு, இடம், தேதி, நேரம் எல்லாவற்றையும் நோட்டீஸில் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்க நமக்கு உரிமை இருக்கிறது. பலகை இல்லாத இடத்தைப் படம் எடுத்து, குடியிருப்போர் நலச் சங்கம் மூலமாக எழுத்தில் கேட்கலாம். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் அது கோரிக்கை ஆகும். டிடெக்டர் வாங்கினால் அது ஒரு காருக்கு மட்டும் எச்சரிக்கை, அதுவும் பாதிப் பொய். பலகை வைத்தால் அந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் எச்சரிக்கை. ரகசியமாகத் தப்பிப்பதற்குச் செலவிடும் மூளையில் கால்வாசியை இதில் செலவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கடைசியாக ஒரு கணக்கு. இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். இப்போது அதே 13 மீட்டர் தொலைவில், நம் தெருவில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே வருகிறது. 30-ல் வந்தவர் நின்றுவிட்டார். 40-ல் வந்தவர் சுமார் 35 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். 50-ல் வந்தவருக்கு அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அவர் பிரேக்கைத் தொடும் முன்பே முழு 50-ல் மோதிவிடுகிறார். 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் வெறும் 20 என்று நினைக்கிறோம். அந்தக் குழந்தைக்கு அதுதான் எல்லாமே. மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

நம் தெருக்களில் ரேடாரோ லேசரோ வைத்துக்கொண்டு யாரும் நிற்கப்போவதில்லை. மெட்ரோ வேலைக்காக மெயின் ரோடு குறுகிப்போனதில் குறுக்கு வழி தேடி எத்தனை வண்டிகள் தெருக்களுக்குள் பாய்ந்தன என்பது காட்டுப்பாக்கத்தில் வசிக்கிற எல்லோருக்கும் தெரியும். நிஜமான ஆபத்து இருப்பது அந்தத் தெருவில். உலகத்திலேயே விலை உயர்ந்த டிடெக்டரை மாட்டினாலும் அந்தத் தெருமுனையில் அது பீப் என்று ஒரு சத்தமும் போடாது.

தம்பி வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்ல வேண்டுமென்றால், பின்சீட்டில் உட்காரும் உங்கள் குழந்தைக்கு ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கை வாங்கி வரச் சொல்லுங்கள். டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்கும் அளவி ஒன்றும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டுக்கும் எந்த செட்டிங்கும் வேண்டாம்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.